வண்டி ஏறாதவர்

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பயமெல்லாம் இல்லை. எழுதினால் எப்படியாவது அவர் கண்ணில் பட்டுவிடும். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இனிஷியல் விட்டுப்போச்சே தம்பி" என்பார். அதைக் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை. ஆறு வருஷமாகவே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்து கொச்சி மட்டாஞ்சேரியில் வேலை செய்கிற யாராக இருந்தாலும் மலையாளிகளுக்கு அவர் அண்ணாச்சி. என் கூட்டாளிகள் அன்சாரும் ஜோபினும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். எங்களுடையது வீட்டில் தமிழ் பேசுகிற ராவுத்தர் குடும்பம் என்பதால் நான் மட்டும் அண்ணே என்பேன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. அப்போதே முப்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் மூன்று பேரும் இருபத்திரண்டு, இருபத்திமூன்று. ஸ்கேட்போர்டு ஓட்டுகிற கூட்டத்தில் முப்பத்தைந்து வயதுக்காரர் என்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். எங்களில் மோசமாக ஓட்டியவர் அவர்தான். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இப்போது ஊரில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

அவர் எப்படிப்பட்டவர் என்று எங்களுக்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டினது அவர்தான். நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் வேலை முடிந்தது. அம்மா தரையைக் கழுவித் துடைத்துவிட்டு அவருக்குச் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டே உள்ளே போனவர், சட்டைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டு வந்தார். கதவுக்குப் பின்னாலிருந்த மூலையில் நின்றுவிட்டார். திரும்பத் தட்டினார். காதைச் சாய்த்து இன்னொரு தரம் தட்டினார்.

"இதுல உள்ள காத்து நிக்கி" என்றார்.

"அந்த மூலையில பக்கெட் வச்சிருவோம். அங்க ஆரு மிதிக்கப் போறா? ஆரும் தட்டியும் பாக்க மாட்டாங்க" என்றார் அத்தா.

"நான் தட்டிப் பாத்துட்டேனே பாய்" என்றார் அவர்.

அவ்வளவுதான் பேச்சு. உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒன்றை எடுத்தால் பக்கத்திலிருப்பது சரியாக வராது என்று அந்த வரிசை முழுவதையும் பெயர்த்தார். பெருநாள் காலையில் நாங்கள் எல்லாரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டில் போய்க் குளித்தோம். அம்மா இரண்டு நாள் அவரை வாய் ஓயாமல் திட்டினாள். பெயர்த்து ஒட்டினதற்குத் தனியாக ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும், தாலத்தில் பிரியாணி வைத்து என்னிடமே கொடுத்தனுப்பினாள். அவர் விஷயத்தில் எல்லாருக்கும் இப்படித்தான். திட்டவும் வேண்டியிருக்கும், திட்டி முடித்த பிறகு நாம்தான் சின்ன ஆளாக நிற்போம்.

எங்களோடு அவர் சேர்ந்தது சுக்கு முற்றத்தில். எங்கள் தெருக்கோடியில் ஹாஜியார் ஒருவரின் கிட்டங்கி இருக்கிறது. ஏலக்காய், மிளகு, சுக்கு வியாபாரம். கிட்டங்கிக்குப் பின்னால், இஞ்சி காயப்போடுவதற்காக வழுவழுவென்று சிமெண்ட் போட்ட பெரிய முற்றம், சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். ஹாஜியார் சரக்கையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதால் முற்றம் காலியாகக் கிடந்தது. கொச்சியில் அந்த மாதிரித் தரை வேறெங்கும் கிடையாது. நாங்கள் சாயங்காலமானால் அங்கேதான். ஒருநாள் ஹாஜியாரின் ஆபீஸ் அறைக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர் ஓரமாக நின்று பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நடுவுல அரை இஞ்சு தாந்திருக்கு" என்றார். பிறகு, "நான் ஒரு தடவ ஏறிப் பாக்கட்டா?" என்றார். ஏறினார், விழுந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானாகவே ஒரு பழைய போர்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முட்டிக்குக் கட்டிக்கொள்ள டைல்ஸ் வேலைக்கு வைத்திருந்த ரப்பர் பட்டையே போதும் என்றார்.

என் தங்கை ரிஸ்வானாவைப் பற்றியும் சொல்லவேண்டும். அவளுக்கு அப்போது பதினாலு வயது. என் போர்டை எடுத்துப் பழகினவள், ஒரே வருஷத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். தலைத்துணியை இறுக்கிப் பின் குத்திக்கொண்டு அவள் சுவரோரமாக வளைந்து வரும்போது நாங்கள் ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். அத்தா கெட்டவர் இல்லை. ஆனால் ஜமாஅத்தில் யார் என்ன சொல்வார்களோ என்று எப்போதும் ஒரு காதைத் தெருவில் வைத்திருப்பவர். அவளுக்கு அவர் போட்டது ஒரே கண்டிஷன்தான். "ரோட்டுல ஓட்டக்கூடாது. நாலு செவுத்துக்குள்ள எவ்வளவு வேணும்னாலும் ஓட்டிக்கோ." அந்த நாலு சுவர் இந்த முற்றம்தான். வேறு கிடையாது.

அப்படியிருக்கும்போது ஹாஜியார் முற்றத்தை வாடகைக்கு விடப்போகிறார் என்று கேள்விப்பட்டோம். நாலு பேரும் போய் நின்றோம். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. எங்களவர்தான், வீட்டுத் தமிழ்தான், ஆனால் பாதி மலையாளமாகிவிட்ட தமிழ், வருஷத்தைக் கொல்லம் என்பார்.

"நாப்பது கொல்லமா எனக்கு ஏலக்கா பூப்பாறையில இருந்து லாரியிலதான் எறங்குது. நீங்க நாலு பேரும் இந்த உருட்டுப் பலகையில அங்க இருந்து இங்க வரைக்கும் வாங்கோ. வண்டியில ஏறக்கூடாது, ஒரு வாரத்துக்குள்ள வரணும். வந்தா அஞ்சு கொல்லத்துக்கு முற்றம் உங்களுக்கு. வாடகை வேண்டா."

"எதுக்கு ஹாஜியாரே இப்படி?" என்று கேட்டேன்.

"சும்மா தந்தா சும்மா கெடச்சதுன்னு நெனப்பீங்க."

நாங்கள் மூன்று பேரும் அப்போதே தலையாட்டிவிட்டோம். டைல்ஸ்காரர்தான் கேள்வி கேட்டார். "ரோடு மோசமா இருந்தா போர்டைக் கையில எடுத்துட்டு நடக்கலாமா?" நடக்கலாம். "பையை மட்டும் வண்டியில போட்டு விடலாமா?" வேண்டா, பையும் உங்களோட வரணும். "ஆறு குறுக்க வந்தா தோணி?" பாலம் இல்லையா என்றார் ஹாஜியார், எரிச்சலோடு. வெளியே வந்ததும் அன்சார் அவரிடம், "அண்ணாச்சி, இனியும் கேள்வி சோதிச்சா முற்றமே இல்லேன்னு பறஞ்சிருப்பாரு" என்றான். "தெரிஞ்சுக்கிட்டா நல்லதுல்லா" என்றார் அவர். அவருக்கு ஒரு வாரம் வேலை போகும். எதற்காக வருகிறார் என்று நான் கேட்டேன். "பாப்பாக்கு எடம் வேணும்லா" என்றார், ரிஸ்வானாவைச் சொல்லி. அப்படிச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை, போர்டின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் மலைமேலிருக்கிற பூப்பாறைக்குப் போய், ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கினோம். மலையிலிருந்து கடலுக்கு என்றால் இறக்கம்தானே என்று நம்பிப் போனவர்கள் நாங்கள். பாதி வழி ஏற்றம். மெயின் ரோட்டில் லாரிக்கும் டூரிஸ்ட் பஸ்ஸுக்கும் நடுவே ஓட்ட முடியாது என்று ராஜாக்காடு, வெள்ளத்தூவல் என்று உள்பாதையாகப் போனோம். உள்பாதை என்றால் தார் பெயர்ந்து ஜல்லி துருத்திக்கொண்டு நிற்கிற பஞ்சாயத்து ரோடு. ஜல்லி சக்கரத்தில் மாட்டினால் போர்டு நிற்கும், நாம் போவோம். முதல் நாளே என் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துவிட்டது. அவர் அவ்வப்போது குந்தி உட்கார்ந்து ரோட்டை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். "மெட்டல் போட்டிருக்கான், ரோலர் ஓட்டல" என்பார். யாரோ ஒரு காண்ட்ராக்டர் மேல் நிஜமாகவே கோபப்பட்டுக்கொண்டு வருவார். நாங்கள் சிரிப்போம்.

விழுவதில்தான் அவர் எங்கள் உயிரை எடுத்தார். இறக்கத்தில் விழுந்தால் போர்டு மட்டும் தனியாக நூறடி கீழே போய்த்தான் நிற்கும். நாங்களாக இருந்தால் நடந்து போய் அதைப் பிடித்து அங்கிருந்தே ஏறிக்கொள்வோம். அவர் கீழே போய்ப் போர்டை எடுத்துக்கொண்டு, விழுந்த இடத்துக்குத் திரும்ப ஏறி வந்து, அங்கிருந்து தொடங்குவார். நாங்கள் அடுத்த வளைவில் தலையில் அடித்துக்கொண்டு காத்திருப்போம்.

"நடந்தா சேரும்னுதானே அண்ணே ஹாஜியார் சொன்னாரு? நீங்க கீழ நடந்துதானே வந்தீங்க?"

"போர்டைக் கையில வச்சுட்டு நடந்தா சேரும். போர்டு முன்னால போயிட்டு, நான் பின்னால வெறுங்கையோட வந்தேன். அது சேருமான்னு நாம கேக்கலையே."

ஜோபின் இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்தான். அதில் அவர் மேலே ஏறிப் போகிறதைப் பார்த்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, உடனே எரிச்சலும் வருகிறது.

அவர் நல்லவர் இல்லையா என்றால் நல்லவர்தான். வெள்ளத்தூவலில் மழைச்சேறு புகுந்து அன்சாரின் நாலு சக்கரமும் இறுகிவிட்டது. ஒரு வொர்க்‌ஷாப் வாசலில் உட்கார்ந்து, மண்ணெண்ணெயில் பேரிங் ஒவ்வொன்றாகக் கழுவி, ஊதி, காயவைத்து, சுற்றிப் பார்த்து மாட்டிக் கொடுத்தார். தன் சாப்பாட்டில் பாதியை ஜோபினுக்குத் தள்ளுவார். ஆனால் ஒரு ஆறுதல் வார்த்தை வராது. களைத்துப்போய், "இனி எவ்வளவு தூரம் அண்ணே?" என்று கேட்டால், கிட்டத்தில்தான் என்று சொல்லலாமல்லவா? மாட்டார். போனைப் பார்த்து, "பன்னெண்டரைக் கிலோமீட்டர்" என்பார். அந்த அரை எதற்கு என்று எனக்குத் தொண்டை வரை வரும்.

நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, வாழக்குளத்துக்குக் கிழக்கே வந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், நடுவே கைதச்சக்கைத் தோட்டம். அன்னாசிப்பழத்துக்கு அங்கே அதுதான் பேர். குடிநீர்க் குழாய் போடுவதற்காக ரோட்டை நெடுகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மழை பெய்து செம்மண் கணுக்கால்வரை ஏறியது. ஜோபினுக்குக் காலையிலேயே கால் பிசகி வீங்கியிருந்தது. போர்டை ஊன்றிக்கொண்டு நொண்டினான். அப்போது பின்னால் ஒரு பிக்கப் வந்தது, நிறையக் கைதச்சக்கை. டிரைவர் நிறுத்தி, "கேறிக்கோ மக்களே, மார்க்கெட்டுல விடாம்" என்றார்.

அன்சார் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். "ஆரு காணான்?" என்றான், யார் பார்க்கப்போகிறார்கள் என்று.

முதலில் போர்டைத் தூக்கி உள்ளே போட்டது நான். இதை நான் வெகுநாள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஜோபின் காலைக் காட்டித்தான் பேசியிருக்கிறேன். ஜோபினுக்குக் கால் வீங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை, அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

"நீங்க போங்க. நான் வாரேன்" என்றார் அவர்.

"அண்ணே, ஏறுங்க. ஒம்பது கிலோமீட்டர்தான். இதுல ஓட்டவும் முடியாது, நடக்கத்தான் போறோம்."

"நடந்துக்கிடுதேன்."

"ரிஸ்வானாக்காகத்தானே வந்தீங்க? அவளுக்கு எடம் கெடைக்கணும்னா நேரத்துக்குப் போய்ச் சேரணும்ல?"

"அதுக்குத்தான தம்பி" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

வாழக்குளம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்தோம். பழம்பொரி தின்றோம். போன் பார்த்தோம். மூன்று மணி நேரம் கழித்து முட்டிவரை செம்மண்ணோடு அவர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரு சாயா சொல்லு தம்பி" என்றார். குடித்தார். ஜோபின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தேய்த்துவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் அரூர்ப் பாலம் தாண்டி இடக்கொச்சியில் ஜோபின் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஜோபினின் அம்மா கப்பைக்கிழங்கும் மீனும் வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"தம்பி, ஹாஜியார்ட்ட ரெண்டு நாள் தவணை கேப்போம். நாளைக்கு நாம நாலு பேருமே பஸ்ஸுல அங்க போயிருவோம். ஏறின எடத்துல இருந்து அந்த ஒம்பதையும் நடந்து முடிச்சுட்டு வந்துருவோம். நானும் கூட வாரேன்."

"நீங்க ஏற்கெனவே நடந்தாச்சே?"

"அதுக்கென்ன, இன்னொரு தடவ நடக்கேன்."

அதைக் கேட்டிருக்கலாம். எங்கள் மூன்று பேருக்கும் புத்தி அவ்வளவுதான். தெருமுனையில் ஃபிளக்ஸ் கட்டியாகிவிட்டது. எங்கள் நாலு பேர் முகமும், பூப்பாறை முதல் மட்டாஞ்சேரி வரை என்ற பெரிய எழுத்தும், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வரவேற்பு என்று தேதியும். ஃபிளக்ஸ் அடித்த பிறகு எப்படி மாற்றுவது என்பதுதான் அன்று எங்களுக்கு இருந்த ஒரே கவலை. அன்சார் அவர் தோளைத் தட்டி, "சாரமில்ல, போகட்டும் அண்ணாச்சி. ஆரும் அறியாது" என்றான்.

"நீங்க யார்ட்டயும் சொல்லாம இருந்தாப் போதும் அண்ணே" என்றேன் நான்.

அவர் யோசித்தார். "கேக்காட்டி சொல்ல மாட்டேன். கேட்டா சொல்லுவேன்."

அப்படியானால் கேட்கவே விடக்கூடாது என்று நாங்கள் முடிவு செய்தோம். எங்கள் சாமர்த்தியம் அது. மறுநாள் முற்றத்துக்குள் நுழையும்போது பைகளையெல்லாம் அவரிடம் கொடுத்து, கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரம் நிற்கச் சொன்னோம். "சரி தம்பி, பின்னாலயே நிக்கேன்" என்றார். எதற்கு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் போய் நின்றார்.

தெருப்பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ரிஸ்வானா முன்வரிசையில் போர்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஓட்டுவதற்குத் தயாராகத் தலைத்துணியை இறுக்கிக் குத்தியிருந்தாள். அத்தாகூட வந்திருந்தார். ஹாஜியார் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "முழுசும் வந்தீங்களா?"

"முழுசும் வந்தோம் ஹாஜியாரே" என்றேன். என் குரல் நன்றாகவே இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஹாஜியார் வியாபாரி. சரக்கு வந்தால் மேலே அடுக்கின சாக்கைத் தொடமாட்டார். மேல் சாக்கில் எல்லாரும் நல்லதைத்தான் வைப்பார்கள் என்பார். அடியில் கிடக்கிற சாக்கை இழுக்கச் சொல்லி, அதில்தான் கம்பியைக் குத்தி எடுத்துப் பார்ப்பார். ஐம்பது தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அந்த ஆளு எதுக்கு அங்க நிக்கறாரு? நீங்க சொல்லுங்கோ, முழுசும் வந்ததா?" என்றார்.

அவர் பைகளைக் கீழே வைத்தார். "நான் வந்தேன் ஹாஜியார். இவங்க மூணு பேரும் வாழக்குளத்துக்குக் கிழக்க ஒம்பது கிலோமீட்டர் வண்டியில வந்தாங்க. ஜோபினுக்குக் கால் சரியில்ல. மத்ததெல்லாம் சரியா வந்துட்டாங்க."

தரையைக் கொடுக்கும்போது எங்கே காற்று நிற்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்கிற அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

நான் ஓடிப் போய் ஹாஜியாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாள் கொடுங்கள், போய் முடித்துவிட்டு வருகிறோம் என்றேன். அவர் கையை விடுவித்துக்கொண்டார். கோபம்கூட இல்லை. "நேத்து வந்து கேட்டிருந்தா ரெண்டு நாள் இல்ல, ரெண்டு வாரம் தந்திருப்பேன் மோனே. இப்போ நீ கள்ளம் பறஞ்சாச்சு" என்றார். சாவிக்கொத்தை ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த மாசமே முற்றத்தைச் சித்திரக் கண்காட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்போது அங்கே ஒரு காப்பிக்கடையும் இருக்கிறது. எங்கள் தெருப்பிள்ளைகள் படகு ஜெட்டிப் பக்கம் ரோட்டில் ஓட்டி, ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்குகிறார்கள். ரிஸ்வானா அன்று வீட்டுக்கு வந்து தலைத்துணியின் பின்னைக் கழற்றினவள், பிறகு ஓட்டவில்லை. ரோட்டில் ஓட்டலாமா என்று அத்தாவிடம் ஒரு தரம் கேட்டாள், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார், அவளும் திரும்பக் கேட்கவில்லை. அவளுடைய போர்டின் மேல் அம்மா கேஸ் சிலிண்டரை ஏற்றி வைத்திருக்கிறாள். தள்ளுவதற்கு வசதியாக இருக்கிறதாம்.

எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பைச் சொல்ல வார்த்தை போதாது. ஒரு பொய்கூட இல்லை, "ஆமாம்" என்று ஒரு சொல். ஒரு பெண்பிள்ளைக்காக அந்த ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. தன் மனசு சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக அவள் காலை ஒடித்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னேன். வீட்டிலும் சொன்னேன். நம்பரை அழித்தேன். அழித்தாலும் மனப்பாடமாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடை வாசலில் அவரைப் பார்த்தேன். முட்டி போட்டு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் விலகிப் போவதற்குள் பார்த்துவிட்டார். "தம்பி! பாப்பா ஓட்டுதா?" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

"ஓட்டல. உங்களாலதான்."

அவர் ரப்பர் சுத்தியலைக் கீழே வைத்தார். சண்டைக்கு வருவார், அல்லது மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன். அவர் இரண்டும் செய்யவில்லை. நான் சொன்னதை உண்மையாகவே எடுத்துப் பார்த்தார். ரசமட்டத்தில் குமிழ் நிற்கிற வரை பார்த்துக்கொண்டிருப்பாரே, அந்த மாதிரி. பிறகு, "இல்ல தம்பி" என்றார். "ஆனா ஓட்டலன்னா வருத்தமா இருக்கு." கண் கலங்கியிருந்தது. நான் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டேன்.

போன மாசம் ரிஸ்வானாவுக்கு நிக்காஹ் பேசி முடித்தோம். பாலக்காட்டு மாப்பிள்ளை. அவள் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது நான் சும்மா இருக்காமல், "அந்த மனுஷன் மட்டும் அன்னிக்கு வாயை மூடிட்டு நின்னிருந்தா..." என்று பழைய பாட்டைத் தொடங்கினேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவரு வண்டியில ஏறலையே இக்கா" என்றாள்.

ஆறு வருஷமாக அவள் இதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். எனக்குக் காது சுட்டது. அவள் ஒருநாளும் அவர் மேல் கோபப்பட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் போர்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மூவாற்றுப்புழையில் மாறி, வாழக்குளம் தாண்டி, ரப்பர் தோட்டத்து முக்கில் இறங்கினேன். குழாய் போட்ட சுவடே இல்லை. தார் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. எந்தச் சிரமமும் இல்லாமல் மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வழியில் மூன்று பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், முப்பதை நெருங்கின தொந்திக்காரன் போர்டில் போகிறானே என்று. மார்க்கெட்டைப் போட்டோ எடுத்து, மனப்பாடமாக இருந்த அந்த நம்பருக்கு அனுப்பினேன். "அண்ணே, அந்த ஒன்பது கிலோமீட்டரையும் இன்று முடித்துவிட்டேன்" என்று எழுதினேன்.

உடனே குரல்பதிவு வந்தது. "தம்பி! நல்லாருக்கியா? ரொம்ப சந்தோசம்யா. பாப்பாட்ட சொன்னியா? எங்கருந்து ஆரம்பிச்ச?"

பஸ் இறங்கின முக்கிலிருந்து என்று எழுதினேன். பிறகு இன்னொரு பதிவு.

"அங்க இல்லையே தம்பி. நீங்க ஏறினது அந்த முக்குக்கு இன்னும் கிழக்க. அரைக் கிலோமீட்டர் இருக்கும். எனக்குத் தெரியும்லா. உங்க வண்டி போன பொறவு கொஞ்ச நேரம் நான் அங்கதான நின்னுக்கிட்டிருந்தேன்."

அதைத் திரும்பத் திரும்ப மூன்று தரம் கேட்டேன். எங்காவது ஒரு குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அரைக் கிலோமீட்டர், அவ்வளவுதான் சொல்கிறார். வெயில் தாழ்ந்திருந்தது. திரும்பிப் போனால் ஒரு மணி நேரம். நான் போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றேன். அப்போது எர்ணாகுளம் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.